அண்ணியின் கை நிறத்தில் ஒரு லேப்டாப்

"அண்ணி, கையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல நீட்டுங்க" என்கிறான் என் கொழுந்தன்.

லேப்டாப் கடையின் வாசற்படியில் நிற்கிறோம். அவனுடைய ஒரு கையில் திறந்து வைத்த லேப்டாப். இன்னொரு கையில் பெயிண்டுக் கடையின் ஷேட் கார்டு, அதாவது சுவருக்கு எந்த நிறம் வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்கான அந்தக் கட்டம் போட்ட அட்டை. இரண்டுக்கும் நடுவில் என் வலது கை. திரையிலும் அதே கைதான், அவன் முன்பே எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அலைகிற படம், மயிர்க்கால் வரை தெரிகிற அளவுக்குப் பெரிதாக. திருடு போகாமல் இருக்க லேப்டாப்பை மேசையோடு கட்டியிருந்த ஒயர் கடைக்குள்ளிருந்து விறைப்பாக நீண்டிருந்தது. அவன் இன்னும் ஒரு எட்டு வெளியே வைத்தான். கடை முழுக்க அலாரம் அலறியது.

டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். "சார், மறுபடியுமா சார்?"

"உள்ள லைட்டு மஞ்சளா இருக்கு. அதுக்குக் கீழ பாத்தா எருமை கூட தங்கமாத் தெரியும்."

"லேப்டாப்பை வெளிய கொண்டுபோகக் கூடாது சார்."

"எங்க கொண்டுபோனேன்? வாசல்லதானே நிக்கறேன்."

அந்தக் கடையில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'வாசல் சார்'. அவன் வருவதைப் பார்த்தாலே ஒருவர் போய் அலாரத்தின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார் போலிருக்கிறது. என் கொழுந்தன் திரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். "பொய் சொல்லுது" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டான். நான் கையை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெங்காயம் வாங்கப் புறப்பட்டவளை இப்படித்தான் பாதி வழியில் மடக்கிக் கூட்டிப் போவான்.

தொழில் புகைப்படம். எங்கள் வீட்டு முன்னறைதான் அவனுடைய ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், வீட்டுத் தரகர்களுக்கு விற்பனை வீடுகளின் படம் (குளியலறையைக் கூட மாநாட்டு மண்டபம் போல எடுப்பான்), எல்லாவற்றுக்கும் மேலாக வருடா வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் மொத்தப் பிள்ளைகளின் படம். கடைசியில் சொன்னதுதான் சோறு. மற்றதெல்லாம் ஊறுகாய்.

அவனுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். ஆக ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் காலையிலிருந்து நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் புதிதாக ஒரு புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றால் இரண்டு பேருக்கும் தெரியாது.

என் கொழுந்தன் சாம்பல் நிறச் சட்டையைத் தவிர எதுவும் போடமாட்டான். சிவப்போ பச்சையோ போட்டால் அது திரையில் எதிரொளித்துக் கண்ணை ஏமாற்றிவிடுமாம். துவைத்துப் போடுகிறவள் நான். கொடியில் ஒரே மாதிரி சாம்பல் சட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல மெக்கானிக்குங்களுக்கு ரூம் விட்டுருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஸ்டூடியோ சுவருக்கும் அதே சாம்பல்தான். அண்ணன் கடையிலிருந்து விற்காத டப்பாவை எடுத்து வந்து அவனே அடித்துக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்த்த என் மாமியார், "ஏண்டா, ஜெயில்ல இருக்கறவனே வெளிய வரணும்னுதான் நினைக்கிறான். நீ வீட்டுக்குள்ளயே கட்டிக்கிட்டியா" என்றார்.

மனிதர்களை அவன் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வான். எதிர்வீட்டில் குழந்தை பிறந்து எல்லோரும் மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று கொஞ்சிக்கொண்டிருந்தபோது, இவன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "கலர் இன்னும் செட்டாகல" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

என் கை அவனிடம் மாட்டியதும் இப்படித்தான். ஷேட் கார்டில் என் கைக்குச் சரியாகப் பொருந்துகிற கட்டம் ஒன்றை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். 'பாலைவன மாலை' என்று அதற்குப் பெயர். நான் கொஞ்சம் மிதப்பாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுவா, நல்லா ஓடற ஷேடாச்சே. காம்பவுண்டு சுவருக்கு அதத்தான் வாங்கிட்டுப் போவாங்க" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயிலிருந்து என் நிறத்துக்கு வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

லேப்டாப் தேடல் ஆரம்பித்ததற்குக் காரணம் போன வருடத்துப் பள்ளிக்கூடப் படங்கள். அவனுடைய பழைய லேப்டாப்பின் திரை வயதாகி நீலம் பூத்துப்போயிருந்தது. திரையில் எல்லா முகமும் நீலமாகத் தெரிய, இவன் ஒவ்வொரு முகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளைச் சேர்த்துச் சரிசெய்தான். திரையில் சரியாகிவிட்டது. காகிதத்தில் வந்து பார்த்தால் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் காமாலை. ஒரு தாய் படத்தைப் பார்த்துப் பதறிப் பிள்ளையைக் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனையே செய்துவிட்டாள். தலைமை ஆசிரியை இவனைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் முதல்ல ஒரு கிளாசோட படத்தை மட்டும் கொண்டாந்து காட்டு. அது சரியா இருந்தா மீதி. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "இந்த வேலையும் போச்சுன்னா நம்ம கடைக்கு வந்துடு. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் சும்மாத்தான் கிடக்கு" என்றார். அன்றிலிருந்து அந்த ஸ்டூல் எங்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் அதன் பேரைச் சொன்னால் போதும், என் கொழுந்தனுக்கு அடுத்த வாய் இறங்காது.

கையில் இருந்த பணத்துக்கு ஒரு நல்ல லேப்டாப். இதைத் தேடி அவன் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இன்றைக்கு யாரையோ ஆபரேஷன் செய்துகொண்டிருப்பான். நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். ராம் என்பது சமையல் மேடை. சின்னதாக இருந்தால் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். ஸ்டோரேஜ் என்பது அலமாரி. புது மாதிரி அலமாரி என்றால் கேட்டதும் சாமான் கைக்கு வரும், பழைய மாதிரி என்றால் தேடி உருட்டி எடுத்துத் தருவதற்குள் அடுப்பே அணைந்துவிடும். ப்ராசஸர் சமைக்கிற ஆள். இதெல்லாம் கொஞ்சம் மட்டமாக இருந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். திரை மட்டும் நாக்கு. நாக்கு செத்தவளை எவ்வளவு பெரிய மேடையில் நிறுத்தி வைத்தாலும் அவள் உப்பை அள்ளித்தான் கொட்டுவாள்.

"மட்டமான ஸ்க்ரீனு பாதி கலரத்தான் காட்டும் அண்ணி" என்றான்.

"மீதிப் பாதி?"

"அத நம்ம தலையில கட்டிடுவான்."

கடைக்காரர்கள் இவனுக்குக் காட்டியதெல்லாம் கேம் விளையாடுகிற பிள்ளைகள் வாங்குகிற லேப்டாப். மூடியைத் திறந்தால் எழுத்துப் பலகைக்கு அடியில் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்கு ஓடும். "கீபோர்டுல லைட் எரியும் சார், மூடுக்குத் தக்க மாத்திக்கலாம்" என்பார்கள். "நான் போட்டோ கழுவறவன்பா. கச்சேரியா நடத்தப் போறேன்" என்று இவன் திருப்பிக் கொடுத்துவிடுவான். பளபளவென்று கண்ணாடி போட்ட திரையைக் காட்டினால், "இதுல படம் தெரியுதோ இல்லியோ, என் மூஞ்சி நல்லாத் தெரியுது. அதப் பாக்கறதுக்கு எங்க வீட்ல பீரோ இருக்கு" என்பான். பக்கத்தில் நின்று வேறு எதையோ வாங்கிக்கொண்டிருந்தவர்களும் இவன் பேச்சைக் கேட்டுவிட்டு வாங்காமல் போய்விடுவார்கள். கடைக்காரர்கள் இவனைத் துரத்தாமல் இருந்தது அவர்களுடைய நல்ல மனசு.

இப்படியே மாதங்கள் ஓடின. அதற்குள் பள்ளிக்கூடத்தில் போய்ப் படமும் எடுத்து வந்துவிட்டான். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் படத்துக்கு ஒரு பிள்ளையின் கையில் ஷேட் கார்டைக் கொடுத்து நிறுத்தி எடுத்தான். படம் எடுத்தாகிவிட்டது, பார்க்கத்தான் திரை இல்லை. மாமியார் பொறுமை இழந்துவிட்டார். "உனக்கு ஒரு பொண்ணு தேடினப்ப கூட நான் இத்தனை படி ஏறி இறங்கலடா" என்றார். "அதனாலதாம்மா கிடைக்கல" என்றான்.

கடைசியில் கிடைத்தது ஒரு பழைய சாமான் கடையில். மாடிப்படிக்கு அடியில் இடுக்கு மாதிரி ஓர் இடம். வயிறு திறந்து கிடந்த லேப்டாப்புகளுக்கு நடுவில், நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்து வைத்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. அவர்கள் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர் பாதி கிழிந்து மூடியிலேயே இருந்தது. எழுத்துப் பலகையில் இரண்டு எழுத்து தேய்ந்து காணாமல் போயிருந்தது. பார்த்தால் சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கி வைக்கிற பலகையாகப் போட வேண்டியது போல இருந்தது.

"வாசல்ல கொண்டுபோய்ப் பாக்கலாமா?" என்று என் கொழுந்தன் தயங்கிக் கேட்டான்.

"வாசல் என்ன, நடுரோட்டுக்கே கொண்டுபோங்க. ஓடிப் போனீங்கன்னா சார்ஜர் என்கிட்டதான் இருக்கு."

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அதெல்லாம் கேக்காதீங்க தம்பி. பிளக்குக்குப் பக்கத்துல உக்காந்துக்கங்க."

தெருவில் இறங்கினோம். எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, கை தானாக நீண்டது. அவன் படத்தைத் திறந்தான். அட்டையை வைத்தான். திரை, கை, அட்டை என்று அவன் கண் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போனார். இவன் அசையவில்லை.

"அண்ணி, இது நீங்கதான்" என்றான்.

நானும் எட்டிப் பார்த்தேன். குக்கர் சுட்ட தழும்பு, அதன் ஓரத்தில் லேசாக வெளுத்திருக்கும் ஒரு கோடு, நானே மறந்துபோன ஒரு கத்திக் கீறல் எல்லாம் இருந்தன. "வேற ஒண்ணு பாக்கலாம் தம்பி. இவ்வளவு உண்மை வீட்டுக்கு ஆகாது" என்றேன். அவன் காதில் விழவில்லை. கடைக்குள் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டான். மேடையைப் பெரிதாக்க உள்ளே இன்னொரு ராம் போட இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றதும், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். வெங்காயத்தை நான் தூக்கி வந்தேன்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

தலைமை ஆசிரியைக்குக் காட்ட வேண்டிய ஒரு வகுப்புப் படங்களைப் புது லேப்டாப்பில் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் சரிசெய்தான். அச்சுக்கு அனுப்பினான். உறை வந்தது. பிரித்தால் எல்லாப் பிள்ளைகளும் நீலம். உதடு நீலம், காது நீலம். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கி வைத்தார்.

"போன வருஷம் காமாலை. இந்த வருஷம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்துருக்க. ஸ்டூலைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்" என்று கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். என் கொழுந்தன் முகமே நீலமாகத்தான் இருந்தது. "ஏமாத்திட்டான் அண்ணி. ஸ்க்ரீனு பொய் சொல்லுது. திருப்பிக் கொடுத்துடறேன்."

"என் தழும்பைக் காட்டின ஸ்க்ரீனு பொய் சொல்லாது. அன்னிக்குத் தெருவுல பாக்கும்போது நீ எதையும் தொடல. இப்ப என்ன பண்ண?"

"புள்ளைங்க கொஞ்சம் மஞ்சளாத் தெரிஞ்சாங்க. அதான் லேசா நீலத்தை ஏத்தினேன்."

"உன்னை யார் ஏத்தச் சொன்னா?"

அவன் எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கிக்கொண்டு வந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் கை வைக்காத ஒரே பிள்ளையின் படத்தைத் திறந்தான். பழையதில் அந்தப் பிள்ளை நீலம். புதியதில் சாதாரணமாக, பக்கத்துத் தெருப் பிள்ளை மாதிரி இருந்தது.

"எனக்கு இது மஞ்சளாத் தெரியுது அண்ணி" என்று புதியதைக் காட்டினான். "அதுதான் சரியாத் தெரியுது." பழையதைக் காட்டினான். சொல்லி முடித்ததும் அவனுக்கே விளங்கிவிட்டது. காமாலைக்குப் பிறகு மஞ்சளைத் தொடவே பயந்து, நீலத்தை நீலமாகவே விட்டு மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கண் அதற்குப் பழகிவிட்டிருந்தது. ஊரில் உள்ள கடை விளக்கையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிந்தவன் கண்ணுக்குள்ளேயே ஒரு நீல விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"இப்ப என்ன வழி?" என்றேன்.

"வழி இருக்கு. முதல் படத்துல ஒரு புள்ளை கையில அட்டை இருக்கில்ல, அதுல சாம்பல் கட்டத்தைத் தொட்டு ஒரு பொத்தானை அமுக்கினா கம்ப்யூட்டரே அந்த கிளாஸ் முழுசையும் சரிபண்ணிடும்."

"அப்ப அதையே பண்ணு."

"அது மெஷின் பண்றது. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"பொத்தானை அமுக்க இருக்க. அமுக்கு."

அமுக்கினான். பிள்ளைகள் பிள்ளைகளாக வந்தார்கள். ஆனால் அடுத்த நிமிடமே அவனுடைய வலது கை தானாக ஊர்ந்து நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற இடத்துக்குப் போனது. நான் கையிலிருந்த கரண்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். கையை எடுத்தான். மறுபடியும் போனது. கடைசியில் அவனே வெறுத்துப்போய், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். மீதி வேலையை இடது கையாலேயே திறந்து, பார்த்து, மூடி முடித்தான். மூக்கு ஒழுகிய பிள்ளைக்கு அது ஒழுகியபடியே இருந்தது. அச்சடிக்க நேரமில்லை.

காலையில் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனோம். பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார இடம் கேட்டுத்தான் தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தான். நான் எதற்கு என்றால், நிறத்தில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டுமாம். கையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவ்வப்போது ஜன்னல் வழியாக மைதானத்தையும் பார்த்தார். "ம். பசங்க பசங்களாட்டமே இருக்காங்க" என்றார். என் கொழுந்தன் மூச்சு விட்டான்.

கடைசிப் படம் வகுப்பு மொத்தமும் நிற்கிற படம். நடுவில் நாற்காலியில் தலைமை ஆசிரியை. அவர் முகத்தில் பூசிய பவுடர் தாடையோடு நின்றுவிட்டிருந்தது. அங்கிருந்து கழுத்து தன் வழியில் போனது. போன வருடம் எல்லோருக்கும் காமாலை இருந்ததால் இந்த எல்லைக்கோடு வெளியே தெரியவில்லை.

"என் கழுத்துக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல மேடம்."

"மூஞ்சி ஒரு கலர், கழுத்து ஒரு கலரா இருக்கே."

என் கொழுந்தன் வாயைத் திறந்தான். இரண்டு ஷேடுக்கும் பேர் சொல்லப் போகிறான் என்று தெரிந்துபோய் நான் பலமாக இருமினேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"மூஞ்சிக்குத் தக்க கழுத்தைக் கொஞ்சம் ஏத்திவிடேன்" என்றார் அவர். மேசை மணியின் மேல் விரலை வைத்திருந்தார், அடிக்கவில்லை. "அப்படியே பசங்களையும் ஒரு சுத்து வெளுப்பாக் காட்டினா பேரன்ட்ஸ் சந்தோஷப்படுவாங்க. ஒரு நிமிஷ வேலைதானே?"

ஒரு நிமிட வேலைதான். அரை நிமிடம் கூட ஆகாது. அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் கண்ணெதிரில் ஸ்டூல் தெரிந்தது. ஏத்தித் தொலைடா என்று கண்ணாலேயே சொன்னேன், நன்றாகப் புரிகிற மாதிரித்தான் சொன்னேன். அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். முன்வரிசையில் பல் விழுந்த ஒரு பெண் பிள்ளை, முதல் படத்துக்குக் கொடுத்த ஷேட் கார்டைத் திருப்பித் தராமல் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

வலது கை மெல்ல ஊர்ந்து அந்த இடத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அவன் தொடையை லேசாகத் தூக்கி, கையை அடியில் வைத்து, உட்கார்ந்துகொண்டான்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கை வலிக்குதா?"

"இல்ல மேடம். அடக்கி வச்சிருக்கேன்."

அவர் மறுபடி திரைக்குக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் தாடைக்கு அடியில் ஒருமுறை துடைத்து, கைக்குட்டையையும் பார்த்துக்கொண்டார். மணியை அடித்தார். குமாஸ்தா வந்து நின்றார்.

"இந்த வருஷமும் போட்டோ இவர்தான். எல்லா கிளாசுக்கும் சொல்லிடுங்க. குரூப் போட்டோ மட்டும் நான் இல்லாம ஒண்ணு எடுக்கட்டும்."

குமாஸ்தா தலையாட்டிவிட்டுப் போய், கதவு சாத்தி, அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைகிற வரைக்கும் என் கொழுந்தன் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.